தரிசு என்று எழுதியது யார்?

சூரிய மின்சாரத் திட்டங்களை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று நம் மாணவர் வட்டங்களில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. நிலக்கரிப் புகையிலும் அனல் காற்றிலும் முதலில் சாகிறவர்கள் சேரி மக்கள்தான், ஆகவே சூரிய மின்சாரத்தைக் கேள்வி கேட்காமல் ஆதரிக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. கம்பெனி வந்தால் நிலம் போகும், எதிர்த்தே ஆக வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் கையில் எடுக்காத ஒரு தாள் இருக்கிறது. திட்டம் அறிவிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வருவாய்த்துறை எழுதி வைத்த நிலப் பதிவேடு அது. அதில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே ‘தரிசு’ என்று விழுந்துவிட்டால், பிறகு நடக்கிற போராட்டத்தில் பாதி அங்கேயே தோற்றுப்போகிறது.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது வீட்டு மாடியில் பார்க்கிற சோலார் பேனலை அல்ல. வெயிலைக் கண்ணாடிகளால் குவித்து, அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிற பெரிய சூரிய வெப்ப மின் நிலையங்களைப் பற்றிப் பேசுகிறேன். ஆரோவில்லில் சமையலறைக் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வெயிலைக் குவித்து, அந்த நீராவியில் சோறு வேகவைக்கிறார்கள். அதே தத்துவம்தான். அதையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

இந்த நிலையங்களுக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. பேனல் சூரியன் மறைந்தால் ஓய்ந்துவிடும். இங்கே பகல் சூட்டை உருகிய உப்பில் தேக்கி வைக்கலாம். சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உப்பு அது. கோபுர வகை நிலையங்களில் 565 டிகிரி வரை அதைச் சூடேற்றிப் பெரிய தொட்டிகளில் நிரப்பி வைத்து, இரவில் விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் நீராவியாக்கிக்கொள்ளலாம். நிலக்கரி ஆலையை மூடச் சொல்கிற எவரும் ‘ராத்திரிக்கு என்ன செய்வீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கான பதில்களில் இது ஒன்று. துபாயில் 700 மெகாவாட் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். சீனா சிங்ஹாய், கான்சு மாகாணங்களில் கட்டிக்கொண்டிருக்கிறது. எனவே இதை ஏளனமாக ஒதுக்குகிறவன் அல்ல நான்.

ஆனால் இதற்கு வேண்டியவை மூன்று. மேகமும் ஈரமும் தூசியும் சிதறடிக்காத நேர் வெயில், தட்டையான மிகப் பெரிய நிலம், தண்ணீர். முதலாவது காரணத்தால்தான், கடலோர ஈரக்காற்று அதிகமான தமிழ்நாட்டில் பேனல்கள் பரவிய அளவுக்கு இது வரவில்லை. நேர் வெயில் கிடைக்கிற இடம் பெரும்பாலும் பாலைநிலம். பாலைநிலம் என்றதும் அரசாங்கங்களுக்கு ‘ஆளில்லாத இடம்’ என்று தோன்றிவிடுகிறது.

மொராக்கோவில் அட்லஸ் மலைக்குத் தெற்கே வர்ஸாஸாத் என்றொரு நகரம். அதன் பக்கத்தில் ‘நூர்’ என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய சூரிய வெப்ப மின் வளாகங்களில் ஒன்று நிற்கிறது. நூர் என்றால் ஒளி. 2016 பிப்ரவரியில் அந்நாட்டு மன்னர் முதல் அலகைத் திறந்துவைத்தார். 160 மெகாவாட், சுமார் 5 லட்சம் கண்ணாடிகள், சூரியன் மறைந்த பின் 3 மணி நேரத்துக்குத் தேக்கம். பிறகு 200 மெகாவாட்டில் ஒன்று, சுமார் 250 மீட்டர் உயரக் கோபுரத்தோடு 150 மெகாவாட்டில் ஒன்று. உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. எல்லாம் கடன் கொடுத்தன. பருவநிலை மாநாடுகளில் எடுத்துக்காட்டப்படும் படம் அது.

அந்த நிலம் யாருடையது? அயித் உக்ரூர் துந்தூத் என்ற அமாசிக் குழுவின் கூட்டு நிலம். தனிப் பட்டா கிடையாது. ஆடு மேய்ப்பார்கள், விறகு பொறுக்குவார்கள், பக்கத்து ஊருக்கு நடந்து போவார்கள். 2010இல் அரசு அதை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு திர்ஹம் என்று வாங்கியது. நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 4,000 திர்ஹம். அன்றைய மதிப்பில் 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ‘விளையாத நிலம், இதற்கு மேல் மதிப்பில்லை’ என்பதுதான் காரணம். அந்தப் பணமும் ஆட்கள் கையில் போய்ச் சேரவில்லை. உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கும் கணக்குக்குப் போய், சாலை, தண்ணீர்க் குழாய் போன்ற ‘வளர்ச்சிப் பணிகள்’ ஆயிற்று. நிலத்தை இழந்தவனுக்கு, ஓர் அரசு எப்படியும் போட்டுத் தர வேண்டிய சாலையை, அவன் நிலத்தின் விலையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா என்ன?

உள்துறை அமைச்சகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1919இல், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் போட்ட ஒரு சட்டம். கூட்டு நிலங்களை வைத்திருக்கும் குழுக்கள் தங்கள் சொத்தைத் தாங்களே நிர்வகிக்கத் தகுதியற்றவர்கள் என்று வைத்து, அரசே காப்பாளராக அமர்ந்துகொண்டது. சுதந்திரம் வந்தும் அந்தச் சட்டம் நூறு வருடம் நின்றது. 2019இல்தான் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்தது. அந்த மாற்றமும் தானாக வரவில்லை. கூட்டு நிலத்தை விற்கும்போது பங்கு ஆண்களுக்கு மட்டும் போனதை எதிர்த்து, சுலாலியாத் என்று அழைக்கப்படும் கிராமத்துப் பெண்கள் 2007 வாக்கில் தொடங்கி விடாமல் போராடினார்கள். நிலத்துக்குப் பணம் என்றால் யார் பெயரில் என்ற கேள்வியை அந்த நாட்டில் பெண்கள்தான் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர்க் கதை தனி. நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். அதற்குத் தண்ணீரையே ஆவியாக விடுகிற வழக்கமான முறையில், ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்குச் சுமார் 3,000 லிட்டர் செலவாகும். காற்றால் குளிர்விக்கிற முறையில் இதில் ஏறக்குறைய 90 சதவீதம் மிச்சமாகும். ஆனால் கட்டும் செலவு கூடும், மின்சாரமும் கொஞ்சம் குறையும். நூர் முதல் அலகை ஈர முறையில்தான் கட்டினார்கள். அடுத்த இரண்டையும் காற்று முறைக்கு மாற்றினார்கள். தண்ணீர் வருவது திரா ஆற்றுப் படுகையின் அணையிலிருந்து. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சகோராவில் 2017இல் குடிதண்ணீர் கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே தர்பூசணி சாகுபடி உறிஞ்சியது பெரிது, வறட்சியும் காரணம். எல்லாப் பழியையும் மின் நிலையத்தின்மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் வறண்ட ஆற்றின் தலைமாட்டில் ஈர முறையில் ஆலை கட்டலாம் என்ற முடிவை எடுக்கும் மேசையில் சகோராக்காரர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் மின்சாரம் மலிவாகக் கிடைத்ததா? அந்த நாட்டின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் மன்றமே 2020இல் இந்த வகை மின்சாரம் விலை கூடியது, ஆண்டுக்கு 80 கோடி திர்ஹம் நட்டம், இனி இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று எழுதியது. 2024இல் கோபுர அலகின் உப்புத் தொட்டியில் கசிவு ஏற்பட்டுப் பல மாதம் நின்றது. தொழில்நுட்பம் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். அதை வைத்துக் கைகொட்டிச் சிரிக்கத் தேவையில்லை. ஆலை நின்ற மாதங்களில் கம்பெனியின் நட்டம் அறிக்கையாக வெளிவந்தது. மேய்ச்சல் நிலம் போன வருடங்களின் நட்டத்துக்கு அப்படி ஓர் அறிக்கை எழுதப்படும் இடமே கிடையாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 ஜனவரியில் தொடங்கிய தேசிய சூரிய மின் இயக்கம், முதல் கட்ட இலக்கைப் பேனலுக்கும் வெப்ப மின்சாரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் 7 திட்டங்களுக்கு 470 மெகாவாட் ஒதுக்கினார்கள். யூனிட் 10.49 ரூபாயிலிருந்து 12.24 ரூபாய் வரை விலை கேட்டு எடுத்தார்கள். ஒதுக்கியதில் பாதிகூடத் தேறவில்லை. ஜெய்சால்மர் மாவட்டத்தில் நோக், துர்சார், ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டம் என்று மூன்றே இடத்தில்தான் 2013, 2014இல் ஆலைகள் எழுந்தன. காரணம் பல. முக்கியமானது, செயற்கைக்கோள் கணக்கை நம்பி ஏலம் எடுத்தார்கள். தார் பாலையின் தூசி அந்தக் கணக்கில் சரியாகப் பிடிபடவில்லை. தரையில் வைத்து வெயிலை அளக்கும் கருவிகளை நாடு முழுக்க 2011இல்தான் நிறுவத் தொடங்கினார்கள். அதைச் செய்தது நம் பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் காற்றாலைத் தொழில்நுட்ப மையம். ஏலம் முதலில், அளவு பிறகு! இதற்குள் பேனலின் விலை சரிந்து, 2017இல் ராஜஸ்தான் பட்லாவில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்துவிட, வெப்ப மின்சாரத்தைப் பேசுவாரில்லை. இப்போது ‘இரவுக்கு என்ன’ என்ற கேள்வி எழுந்திருப்பதால் பேச்சு திரும்ப அடிபடுகிறது.

வெயிலை அளக்காமல் ஏலம் விட்டதை நிபுணர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நிலத்தில் யார் இருக்கிறார் என்பதை அளக்காமல் ஏலம் விட்டதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூல் 2019 பதிப்பின்படி நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. இந்தியாவில் 748 ஜிகாவாட் சூரிய மின்சாரம் எடுக்கலாம் என்று பாடப்புத்தகம் வரை சொல்கிறார்களே, அந்தக் கணக்கே ‘தரிசு நிலத்தில் 3 சதவீதத்தில் பேனல் பரப்பினால்’ என்ற அனுமானத்தில் நிற்கிறது. தரிசு என்பது மண்ணைப் பற்றிய சொல் என்று நீங்கள் நினைத்தால் அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருக்கும். தீர்வை என்றால் வரி. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில், வரி கட்டி அனுபவிக்க ஆள் இல்லாத நிலம் தரிசு. அதில் ஆடு மேய்ந்ததா, யாருடைய பாட்டி சுள்ளி பொறுக்கினாள் என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. ஜெய்சால்மரில் ஓரன் என்று ஊர் மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் கோயில் மேய்ச்சல் காடுகள் இருக்கின்றன. அவற்றில் பல பதிவேட்டில் தரிசாகவே கிடப்பதால், அவற்றை ஓரன் என்று எழுதித் தாருங்கள் என்று மக்கள் நடைப்பயணம் போக வேண்டியிருக்கிறது.

இங்கே சூழலியல் நண்பர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. அவர்கள் பொது நிலத்தைப் பற்றிப் பேசும்போது ஊரே ஒற்றுமையாக அனுபவித்த சொர்க்கம் மாதிரி பேசுகிறார்கள். நம் ஊர்களில் மேய்ச்சல் புறம்போக்கை முதலில் வளைத்தவன் சோலார் கம்பெனிக்காரன் இல்லை. ஊர்ப் பெரிய பண்ணை. பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கவே மகாடில் போராட வேண்டியிருந்த சமூகம் இது. எனவே ‘பொது நிலத்தைக் காப்போம்’ என்ற முழக்கம் மட்டும் நமக்குப் போதாது. அந்தப் பொதுவில் நம் பங்கு என்ன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர் பாபாசாகேப். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன என்பது நம் தோழர்களில் பலருக்கே தெரியாது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதே மனிதர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற மனுவில், அரசிடம் இருக்கும் சாகுபடிக்கேற்ற தரிசு நிலங்களை ஒரு குடியமர்த்தல் ஆணையத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும் என்று கேட்டார். தரிசு நிலம் பற்றிய முதல் உரிமைக் கோரிக்கை சூரிய மின் கம்பெனியுடையது அல்ல, நம்முடையது. அதற்கும் 55 வருடம் முன்பு, 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து வந்த பஞ்சமி நிலமும் அரசுத் தரிசிலிருந்து ஒதுக்கப்பட்டதுதான். அது யார் யார் கைக்குப் போனது, 1994இல் காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் எப்படி இரண்டு உயிர் போனது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு நாட்டு மக்களில் 16.6 சதவீதமான பட்டியல் சாதியினர் கையில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்பதற்குக் கர்நாடகத்தின் பாவகடாவைப் பாருங்கள். அது பேனல் பூங்கா, 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். வெப்ப மின் நிலையம் இல்லாவிட்டாலும் நிலத்தின் கணக்கு ஒன்றேதான். அங்கே நிலத்தைப் பிடுங்கவில்லை. ஆண்டுக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். வறண்ட பூமியில் கடலை போட்டுக் கடன்பட்ட விவசாயிக்கு அது நல்ல பணம். நாடே பாராட்டிய மாதிரி. ஆனால் நிலம் இருந்தவனுக்கு வாடகை வந்தது. அந்த நிலத்தில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் கூலி வாங்கியவளுக்கு என்ன வந்தது? வாடகையும் இல்லை, கூலியும் இல்லை. மேய்ப்பவனுக்கு வேலிதான் வந்தது. நிலமில்லாதவர் பெரும்பாலும் எந்தச் சாதி என்பதும் உங்களுக்குத் தெரியும்.

2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள், கையகப்படுத்துவதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே அந்த நிலத்தில் பிழைத்துவந்த விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் வருகிறார்கள். பிரிவு 3, உட்பிரிவு இ. போராடிப் பெற்ற வரி அது. ஆனால் குத்தகைக்கு எடுத்தாலோ, அரசுத் தரிசை நேராக ஒதுக்கினாலோ அது ‘கையகப்படுத்தல்’ ஆகாது, அந்த வரியும் வேலை செய்யாது. சூரிய மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயமில்லை என்பதால் பொதுக் கருத்துக் கேட்பும் கிடையாது. ஆகவே ஒரு நிலமற்ற பெண் எழுந்து நின்று ‘எனக்கு என்ன’ என்று கேட்பதற்கு, சட்டப்படி ஒரு நாற்காலிகூடப் போடப்படுவதில்லை.

என் நிலைப்பாடு இதுதான்: ஆலை வரட்டும், நிபந்தனையோடு வரட்டும். அரசு நிலத்தைக் கொடுக்கிறதென்றால் குத்தகைப் பத்திரம் ஒன்று எழுதப்படும். போராட வேண்டிய இடம் அந்தப் பத்திரம். வருட வாடகையில் ஒரு பங்கு ஊரின் நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில், வங்கிக் கணக்கில் நேராகப் போக வேண்டும் என்று அதில் எழுதலாம். பஞ்சாயத்துப் பொது நிதிக்கு என்று எழுதினால் வர்ஸாஸாத் சாலைக் கதைதான். யார் நிலமற்றவர் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்பார்கள். நூறு நாள் வேலை அட்டை எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். காற்றால் குளிர்விக்கும் முறை கட்டாயம் என்று எழுதலாம். ஜெய்சால்மரில் கால்வாயை நம்பி, அனந்தபூரில் மழையை நம்பி வாழும் ஊர்களுக்கு இது சில்லறை விஷயமல்ல.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பேனல் பூங்காவை ஒப்பிட்டால் வெப்ப மின் நிலையத்தில் நிரந்தர வேலை அதிகம். பாய்லர், டர்பைன், உப்புப் பம்பு, வெல்டிங், கருவி பழுது என்று இது கிட்டத்தட்ட ஓர் அனல் மின் நிலையம் மாதிரியே ஓடும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த நம் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஆனால் தனியார் ஆலை, இடஒதுக்கீடு இல்லை. இன்னொரு பக்கம், கண்ணாடியில் தூசி படிந்தால் வெயில் குவியாது. ஆகவே லட்சக்கணக்கான கண்ணாடிகளைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி வைத்துக் கழுவினாலும் ஆள் வேண்டும். கழுவுகிற வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள், டர்பைன் அறைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நகராட்சியில் நடப்பதே ஒப்பந்தக்காரர் வழியாகப் பாலைவனத்திலும் நடக்கும். பொது நிலத்தில், பொது வங்கிக் கடனில் எழுகிற ஆலையில் எல்லா நிலை வேலைக்கும் இடஒதுக்கீடு என்பது கேட்கக் கூடாத கோரிக்கையா? பத்திரத்தில் ஒரு வரி. கழுவுகிறவர்களும் ஆலையின் நேரடித் தொழிலாளர்கள் என்று இன்னொரு வரி.

இதையெல்லாம் கேட்டால் திட்டம் ஓடிவிடும், நிலக்கரி திரும்பிவிடும் என்று பயமுறுத்துவார்கள். 470 மெகாவாட்டில் பாதிக்கு மேல் ஓடிப்போனபோது எந்தத் தலித் அமைப்பும் எதையும் கேட்டிருக்கவில்லை.

வேலை எங்கே தொடங்குவது என்று கேட்கும் தோழர்களுக்கு: ஏலம் அறிவித்த பிறகு தொடங்கினால் தாமதம். தமிழ்நாட்டில் வருவது பேனல் பூங்காவோ வேறு எதுவோ, அதற்கும் இதே பதிவேடுதான். ஜமாபந்தி ஒவ்வொரு கோடையிலும் தாலுகா அலுவலகத்தில் நடக்கிறது. கிராமக் கணக்குகள் மேசைக்கு வருகிற நாட்கள் அவை. உங்கள் ஊரின் தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு சர்வே எண்களை அ-பதிவேட்டிலிருந்து எழுதி எடுங்கள். எந்த எண்ணில் எந்தக் குடும்பம் மேய்க்கிறது, எத்தனை ஆடு, எத்தனை வருடமாக, எந்த எண் ஏற்கெனவே யார் வேலிக்குள் இருக்கிறது என்று சேரியில் வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். மனுவாகக் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.